மைனஸ் பத்தொன்பதில் ஒரு கூடு

நவம்பர் 9

முயல்களின் உரிமையாளருக்கு,

இரண்டும் உயிரோடு இருக்கின்றன. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். வேறெதற்கும் இல்லை.

பகல் ஷிஃப்ட் முடிந்து வந்தால் உன் அறை காலி. பால்கனியில் கூண்டு. கூண்டின் மேல் ஒரு சீட்டு. மூன்று வரி. வைக்கோல் நிறையப் போடு. தண்ணீர் உறைய விடாதே. வீட்டுக்குள் கொண்டு வராதே. நான்காவது வரியாக 'போய் வருகிறேன்' என்று எழுத அந்தச் சீட்டில் இடம் இருந்தது. அளந்து பார்த்தேன். தாராளமாகவே இருந்தது.

மலைமேல் வானிலை நிலையத்தில் உனக்கு வேலை கிடைத்திருப்பதைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "உங்ககிட்ட சொல்லலையா தம்பி?" என்று ஊசியை வாயில் கவ்விக்கொண்டே கேட்டார். ஊசி அவர் வாயில் இருந்தது. குத்தியது இங்கே. அங்கே ஃபோன் எடுக்காது, வாரம் ஒருமுறை வியாழக்கிழமை வண்டியில் கடிதம் மட்டும் வந்துபோகும் என்று சொன்னதும் அவர்தான்.

நேற்று முதல் பனி விழுந்தது. காலையில் தண்ணீர்க் கிண்ணம் கல்லாக இருந்தது. கரி அதை நக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். மாவு என்னைப் பார்க்கக்கூட இல்லை. வெள்ளையாகப் பிறந்தாலே இந்தத் திமிர் வந்துவிடும் போலிருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. இவை எவ்வளவு குளிர் தாங்கும்? கதை வேண்டாம், எண்ணில் சொல்.

அண்ணன்

*

நவம்பர் 17

அண்ணா,

எண்ணில் கேட்டிருக்கிறாய். குளிர்பதனக் கிடங்கு மெக்கானிக் வேறெப்படிக் கேட்பான்.

மைனஸ் பத்து. பழகிவிட்டால் அதற்கும் கீழே. ஆனால் எண்ணை நம்பாதே. உலர்ந்த முயல் மைனஸ் பத்தில் தூங்கும். நனைந்த முயலுக்குப் பூஜ்யத்துக்கு மேலே ஐந்து டிகிரியே போதும், சாவதற்கு. அதனால் காற்று படக் கூடாது. பனி உள்ளே அடிக்கக் கூடாது. வைக்கோல் ஈரமானால் அன்றே மாற்று. காது நுனியைத் தினமும் தொட்டுப் பார். காது சில்லென்று இருந்தால் பரவாயில்லை, உடம்பு சில்லென்று இருந்தால்தான் பயம்.

வீட்டுக்குள் கொண்டு வராதே என்றது கல்நெஞ்சால் அல்ல. வயிற்றுப் பக்கம் குளிர்கால முடி அடர்த்தியாக வளர்ந்துகொண்டிருக்கிறது, விரலை விட்டுப் பார், அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு முடி இருக்கும். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் அது உதிர்ந்துவிடும். பிறகு வெளியே விடுவது சட்டையைக் கழற்றிக்கொண்டு துரத்துவது மாதிரி.

இங்கே ஒரு மரவீடு. இரண்டு பேர். நானும் தலைமைப் பார்வையாளரும். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் பாதரசம், காலையில் ஏறுவார், மதியம் இறங்குவார். முற்றத்தில் ஆளுயரத்தில் வெள்ளைப் பெட்டி ஒன்று, நான்கு பக்கமும் சாய்ந்த பலகைச் சட்டங்கள், அதற்குள் வெப்பமானிகள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து எழுத வேண்டும். பெட்டியின் கதவைத் திறக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். மூச்சு பட்டால் எண் மாறிவிடுமாம்.

முதல் நாள் நம்பவில்லை. வேண்டுமென்றே ஊதிப் பார்த்தேன். மாறியது.

சொல்லாமல் வந்தது பற்றி. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டேன். இப்போதைக்கு இவ்வளவுதான் எழுத வருகிறது.

உன் தங்கை

*

நவம்பர் 27

தங்கைக்கு,

மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டே முக்கால் பக்கம் முயல். பரவாயில்லை, மிச்சம் கால் பக்கம் எனக்குப் போதும். பழகிவிட்டால் அதற்கும் கீழே.

காற்று படக் கூடாது என்றாய். படாது. இனி ஜென்மத்துக்கும் படாது.

கிடங்கில் ஒரு பழைய குளிரறையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதன் சுவர்ப் பலகை ஆறு துண்டு, நான்கு அங்குல கனம், உள்ளே ஃபோம். அதை வைத்து உன் கூண்டைச் சுற்றி ஓர் அறையே கட்டிவிட்டேன். கதவுக்கு மீன் அறைக் கதவின் கேஸ்கெட் ரப்பர். மூலைகளுக்கு சீலன்ட். முடித்ததும் உள்ளே மெழுகுவத்தி ஏற்றி வைத்து, கண்ணாடித் துண்டு வழியாகப் பார்த்தேன். வெளியே காற்று ஊளையிடுகிறது, உள்ளே சுடர் படத்தில் வரைந்த மாதிரி நிற்கிறது.

எண் வேண்டுமா? வெளியே மைனஸ் ஏழு, உள்ளே பிளஸ் நான்கு. பதினோரு டிகிரி. கரண்ட் இல்லை, ஹீட்டர் இல்லை. இரண்டு முயலின் உடம்புச் சூடு மட்டும். இரண்டு நிமிடம் அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அளவு உடம்புக்குள் இவ்வளவு அடுப்பா?

தையல்காரம்மா வந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். "தம்பி, வாடகைக்கு விடுவீங்களா?" என்றார்.

பன்னிரண்டு வருடமாகக் குளிரை உள்ளே வைத்துப் பூட்டினேன். இப்போது வெளியே வைத்துப் பூட்டியிருக்கிறேன். பூட்டு ஒன்றேதான். காலையும் மாலையும் தீனி போடத் திறக்கிறேன். மற்ற நேரம் எறும்பு நுழைய வழியில்லை.

நீ ஊதிப் பார்த்தாய் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். இதை எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

அண்ணன்

*

டிசம்பர் 4

அண்ணா,

திற. இதைப் படித்த உடனே போய்த் திற, மீதியைப் பிறகு படி.

மூச்சு. இரண்டும் மூச்சு விடுகின்றன, மூத்திரம் பெய்கின்றன. அந்த ஈரமெல்லாம் எங்கே போகும்? சுவரில் படியும், சொட்டும், வைக்கோலில் இறங்கும். மேல் பக்கம், காற்று அடிக்காத திசையில், உள்ளங்கை அகலத்துக்கு வழி வை. இரண்டு வழி. குளிர் உள்ளே வரும், வரட்டும்.

டிசம்பர் 5

நேற்று உன் கடிதத்தைப் போட்டுவிட்டு வண்டி உடனே இறங்கிவிட்டது, நான் பிரித்துப் படித்தது அதற்குப் பிறகுதான். இப்போது பாதையில் பனி சரிந்திருக்கிறதாம். கடிதம் மேசைமேல் இருக்கிறது.

இங்கே வயர்லெஸ் உண்டு. கீழே தலைமை அலுவலகத்துக்கு எண்கள் மட்டும் அனுப்புவோம். பாதரசத்திடம் கேட்டேன். ஒரே ஒரு வரி அனுப்புங்கள், அவர்கள் என் அண்ணனுக்குச் சொல்லிவிடுவார்கள் என்றேன்.

"என்ன வரி?"

"கூண்டைத் திற."

"யாரோட கூண்டு?"

"முயல் கூண்டு சார்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புயல் நேரத்துல பேட்டரி எண்ணுக்கே பத்தல. வயர்லெஸ்ல முயலா? மன்னிச்சுக்கம்மா."

மன்னிக்கவில்லை.

டிசம்பர் 8

வண்டி இல்லை. இன்று மூன்று முறை அந்த வெள்ளைப் பெட்டி முன்னால் நின்றேன். நான்கு பக்கமும் சட்டம் சட்டமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள், காற்று போய்வர வேண்டும் என்று. அதைத் தினமும் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டே உனக்குக் காற்று படக் கூடாது என்று எழுதினேன். நான் சொன்னதை நீ செய்தாய்.

டிசம்பர் 11

வண்டி இல்லை.

*

டிசம்பர் 12

தங்கைக்கு,

மாவு செத்துப்போயிற்று. சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கதவைத் திறந்தேன். முகத்தில் ஆவி அடித்தது. சுவரெல்லாம் நீர் ஓடிக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து சொட்டு, சொட்டு. முந்தின இரண்டு நாள் எனக்கு இரட்டை ஷிஃப்ட், கதவை ஒரு கை அளவு திறந்து தீனியைத் தள்ளிவிட்டு ஓடியிருந்தேன். கரி மேல்தட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மாவு கீழே வைக்கோலில். மேலே உலர்ந்த மாதிரித்தான் இருந்தது. கையை விட்டால் அடியில் பிழிந்தால் சொட்டும் ஈரம். மாவின் வயிற்று முடி திரி திரியாக ஒட்டியிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் விலா உள்ளே போய் வந்தது. சத்தம் கேட்டது.

கோட்டுக்குள் வைத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினேன். அந்த அம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். நான்கு அங்குலப் பலகை, கேஸ்கெட், மெழுகுவத்தி எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"அவ்ளோ செஞ்சீங்க, மூச்சுக்காத்து போக ஒரு ஓட்டை போடலையா?" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஊசி போட்டார். புதன்கிழமை மதியம் போய்விட்டது.

இதைக் கேள். கிடங்கில் குளிரூட்டும் காயிலில் படிகிற பனியை உருக்கி வடிப்பது தினமும் என் வேலை. அந்தப் பனி எங்கிருந்து வருகிறது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் நான்தான். ஒவ்வொரு தடவையும் ஒரே வாக்கியம்: "உள்ள வந்துபோற ஆளுங்களோட மூச்சுடா அது." இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

கட்டடத்துக்குப் பின்னால் புதைத்தேன். மண் இரும்பாக இறுகிக் கிடந்தது. வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கடப்பாரையால் இடித்தேன். தையல்காரம்மா ஒரு துண்டு கம்பளித் துணி கொடுத்தார். ஓரம் அடித்துக் கொடுத்தார். அதில் சுற்றி வைத்தேன்.

பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டேன். பழைய மரக்கூண்டு மட்டும். மூன்று பக்கம் மறைப்பு, மேலே இரண்டு வழி. கரி இப்போது என்னைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. டாக்டர் போகிற போக்கில் சொன்னார்: "ரெண்டும் பொண்ணுன்னு யாரு சொன்னா? இது பையன்."

நீ இனி எழுத வேண்டாம் என்றாலும் புரியும்.

அண்ணன்

*

டிசம்பர் 19

படித்தேன்.

என் கடிதமும் உன் கடிதமும் ஒரே வண்டியில், ஒன்று இறங்க, ஒன்று ஏற. இரண்டையும் பாதரசம் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் அழுவதைப் பார்த்தார். என் மூன்று மணிப் பதிவை அவரே போய் எடுத்து வந்தார்.

கோபமாகத்தான் இருக்கிறேன். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் உள்ளேயே தங்கிவிடும். உனக்கு அடைக்கத்தான் தெரியும். என் அறை ஜன்னலையும் மூன்று குளிர்காலம் டேப் போட்டு ஒட்டினாய். எனக்கு இருமல் வரக் கூடாது என்று. எனக்கு இருமல் வந்ததே இல்லை, அண்ணா. ஏப்ரல் வரைக்கும் அந்த அறையில் நேற்றைய காற்றையே மூச்சு விட்டேன். ஒரு தடவையும் உன்னிடம் சொல்லவில்லை. நீ அவ்வளவு கவனமாக, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருப்பாய்.

எழுதியாயிற்று. கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

இப்போது கரி. இரண்டாக இருந்தது ஒன்றாகிவிட்டால் பாதிச் சூடு போய்விடும். வைக்கோலை இரண்டு பங்காக்கு. வெந்நீர் பாட்டில் வைத்தால் துணி சுற்றி வை, கடித்துவிடுவாள். சாப்பிடுகிறாளா? ஒருநாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் டாக்டர்.

மாவு பையன் என்றால், இதையும் நினைத்துப் பார். இரண்டும் கோடையில் வந்தபோது குட்டிகள். இப்போது இல்லை. முப்பது, முப்பத்தொரு நாள் கணக்கு. மூன்று பக்கம் உயர்ந்த ஒரு பெட்டியை உள்ளே வை. ஒன்றும் இல்லையென்றால் அதில் தூங்கிக்கொள்ளட்டும்.

எழுத வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்?

*

ஜனவரி 6

தங்கைக்கு,

ஜன்னல் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுப் போய் டேப்பை உரித்தேன். சுவர்ப் பூச்சும் கூடவே வந்தது. வந்து திட்டு.

இனி எழுதப்போவதை மெதுவாகப் படி. நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை கரி வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு அங்கும் இங்கும் போனாள். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, மீசை வைத்த போலீஸ்காரர் மாதிரி. சிரித்தேன். அன்று மாலை பார்த்தால் தன் மார்பு முடியைத் தானே பிடுங்குகிறாள். கொத்துக் கொத்தாக. வயிற்றிலும். அடித்தோல் சிவப்பாகத் தெரிகிறது. வெளியே மைனஸ் பதினேழு. முடி உதிரக் கூடாது என்று நீ பக்கம் பக்கமாக எழுதினாய், இவள் தன் கையாலேயே, சரி, தன் வாயாலேயே, சட்டையைக் கிழிக்கிறாள். பைத்தியம் பிடித்துவிட்டது, மாவு போன துக்கம் என்று நினைத்தேன். தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன். ஒரு நிமிடம் பார்த்தார்.

"பஞ்சு வெட்டுறா தம்பி. உள்ளாற மெத்தை தைக்கிறா."

சனிக்கிழமை காலை நீ சொன்ன பெட்டி நிறைய முடி. கறுப்பு மேகம் ஒன்றை அமுக்கி வைத்த மாதிரி. தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேகம் மூச்சு விட்டது. ஏறி, இறங்கியது.

கிடங்கிலிருந்து சென்சார் ஒயர் கொண்டு வந்திருந்தேன், நூல் கனம்தான் இருக்கும். வெளியே மைனஸ் பத்தொன்பது. கூண்டுக்குள், வைக்கோல் மேல், மைனஸ் பன்னிரண்டு. ஒயரின் நுனியை அந்த முடிக்குள் இரண்டு விரல் ஆழம் விட்டேன்.

பிளஸ் முப்பத்தைந்து.

மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். உள்ளே போய் ஐஸ் தண்ணீரில் நுனியை வைத்தேன். பூஜ்யம் காட்டியது. திரும்ப வந்து வைத்தேன். முப்பத்தைந்து. மூன்று முறை.

நாற்பத்தேழு டிகிரி வித்தியாசம், தங்கை. இரண்டு விரல் இடைவெளியில். அந்த வித்தியாசத்தை நிறுத்தி வைக்கக் கிடங்கில் எங்களுக்குக் காளைமாடு அளவு கம்ப்ரஸர் வேண்டும், நான்கு அங்குல ஃபோம் வேண்டும், ஷிஃப்டுக்கு மூன்று ஆள் வேண்டும். இவளுக்கு ஒரு பிடி மார்பு முடி. அடைப்பு என்று எதுவுமே இல்லை, விரலால் தள்ளினால் திறந்துகொள்கிறது. அதன் வழியாகக் காற்று போய் வருகிறது. மேலே ஒரு துளி ஈரம் இல்லை. மண்டியிட்டுத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கூண்டு தாழ்வு என்பதால். கூண்டு உயரமாக இருந்திருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

ஆறு. விரலளவு. கண் மூடி, முடி இல்லாமல். மூன்றின் தோலில் கருநிழல், மூன்று வெறும் ரோஜா நிறம்.

அப்புறம் பயம் தொடங்கியது. கரி அந்தப் பக்கம் போகவே இல்லை. சனிக்கிழமை முழுக்க எதிர் மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு. குட்டிகளுக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி. "தாயே கண்டுக்கல, தூக்கி உள்ள வைங்க தம்பி, செத்துரும்" என்றார் தையல்காரம்மா. கையை உள்ளே விட்டேன், பெட்டியின் விளிம்பைப் பிடித்தும் விட்டேன். உன்னிடம் கேட்டால் பதில் வர இரண்டு வாரம். ஒரு தடவை நல்லது என்று நினைத்துச் செய்த கை அது. அந்தக் கையை எடுத்துக்கொண்டேன். விடியும் வரை பொறுப்போம், அப்போதும் வராவிட்டால் உள்ளே என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு, வெளுக்கிற நேரம். எழுந்தாள். பெட்டிக்குள் தாவினாள். கூட்டின்மேல் நின்றாள், படுக்கக்கூட இல்லை. முடி முழுக்கக் கொதிக்கிற மாதிரி அசைந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கு நிமிடம். மூக்கால் முடியைத் தள்ளி மூடினாள். இறங்கி மறுபடி தன் மூலைக்குப் போய்விட்டாள். அன்று முழுக்க அவ்வளவுதான். முடியை ஒதுக்கிப் பார்த்தேன், ஒவ்வொன்றின் வயிறும் உருண்டையாக, தோலுக்கு உள்ளே பால் வெள்ளையாகத் தெரிந்தது.

ஆனால் ஐந்துதான் இருந்தன.

ஆறாவது, கருநிழல் தோல்காரர்களில் ஒன்று, கதவோரம் கிடந்தது. காம்பை விடாமல் கவ்வியிருக்கும், அவள் தாவும்போது வெளியே விழுந்திருக்கும். அவள் இறங்கினதும் நான் டீ போடப் போய்விட்டேன். கால் மணி நேரம் இருக்கும். கையில் எடுத்தேன். எனக்குப் பழகிய எடை. தினமும் கையில் வருகிற சிறிய மீனின் எடை, அதே விறைப்பு, அதே சில்லிப்பு. என் கைக்கு அது என்னவென்று தெரியும். செய்தித்தாளை எடுத்தேன், சுற்றுவதற்கு.

சுற்றவில்லை. சட்டைக்குள் போட்டேன், வெறும் தோல்மேல். ஏன் என்று கேட்காதே. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். ஷிஃப்டுக்கு நேரமாயிற்று. ஃபோர்மேன் ஃபோன் செய்தார். "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றார். நெஞ்சில் ஒரு பிரச்சினை சார் என்றேன்.

ஒரு மணி பத்து நிமிடம்.

முதலில் என் துடிப்பு என்றுதான் நினைத்தேன். கையை வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிட நான்கு மடங்கு வேகம். பிறகு ஒரு கால், நகம் குத்தியது. பிறகு வாயைத் திறந்துகொண்டு என் மார்பில் பால் தேட ஆரம்பித்தது. இதைத் தையல்காரம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

கூட்டில் ஐந்துக்கு நடுவில் சொருகினேன். மேகம் மூடிக்கொண்டது.

தங்கை, அது செத்துத்தான் இருந்தது. என் கைக்குத் தெரியும். என் கைக்கு எல்லாம் தெரியும் என்றுதான் இத்தனை வருடம் இருந்தேன்.

அண்ணன்

*

ஜனவரி 16

அண்ணா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், கையுறையைக் கழற்றாமல். பிறகு உட்கார்ந்து, கழற்றிவிட்டுப் படித்தேன். பிறகு பாதரசத்துக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அந்தச் சட்டைப் பகுதியை மட்டும் கொஞ்சம் சுருக்கினேன், பயப்படாதே.

முப்பத்தைந்து என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சென்சாரை ஐஸ்ல வெச்சுப் பாத்தாராமா?"

"பாத்தாராம் சார்."

"எத்தன தடவ?"

"மூணு."

எழுந்து போனார். பதிவேட்டை எடுத்தார். அன்றைய பக்கத்தில், குறிப்புகள் என்ற கட்டத்தில், மூடுபனி, இடி, பனிச்சரிவு தவிர இருபது வருடமாக அவர் எதுவும் எழுதாத கட்டத்தில், எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'கீழே ஓரிடத்தில் வெளியே −19. முயல் கூட்டுக்குள் +35. அளந்தவர் நம்பத் தகுந்தவர்.'

பேனாவை மூடிவிட்டு, "அந்த ஒரு வரிய அன்னிக்கு நான் அனுப்பியிருக்கணும்மா" என்றார். பாதரசம் இவ்வளவு கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. மன்னித்துவிட்டேன்.

தாய் தள்ளி இருப்பது சரிதான். குட்டிகளுக்கு இன்னும் வாசனையே இல்லை, அவளுக்கு உண்டு. காட்டில் பக்கத்திலேயே கிடந்தால் அவள் வாசனை பிடித்து நரி வந்துவிடும், அந்தப் பழக்கம் பால்கனியிலும் போகாது. நான்கு நிமிடப் பாலில் ஒரு நாள் முழுக்க ஓடும். இதையெல்லாம் உனக்கு நான் எழுதிச் சொல்லியிருக்க வேண்டும். நீயே விடியும் வரை உட்கார்ந்து கண்டுபிடித்துக்கொண்டாய்.

இன்று இங்கே மைனஸ் முப்பத்தொன்று. பதிவு எடுக்கப் போனேன். மூச்சை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன். எண்ணைப் பார்த்தேன். மூடினேன். பிறகு விட்டேன், வெளியே வந்து ஒரு கணம் அப்படியே தொங்கி, மெல்லிய துகள்களாக உதிர்ந்தது. வெயிலில் ஒவ்வொன்றும் மின்னியது. என் மூச்சுதான். இரண்டு மாதமாக இதைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும்.

இன்னும் இரண்டு குளிர்காலம் இருக்க முடியுமா என்று அலுவலகத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும். எனக்கு ஆசைதான். இதை உனக்கு எழுதிவிட்டுத்தான் அவர்களுக்கு எழுதுவது என்று வைத்திருக்கிறேன்.

அன்று ஏன் சொல்லாமல் வந்தேன் என்றால், நீ தடுப்பாய் என்று அல்ல. தடுக்க மாட்டாய். ஒன்றும் பேசாமல் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வருவாய். சீட்டில் இடம் பிடித்துக் கொடுப்பாய். ஜன்னலைச் சாத்திவிட்டு இறங்குவாய். அதைப் பார்த்தால் நான் இறங்கியிருப்பேன்.

நீ என்ன சொல்கிறாய்?

தங்கை

*

ஜனவரி 25

தங்கைக்கு,

முதலில், வந்துவிடு என்று எழுதிப் பார்த்தேன். கையெழுத்து நன்றாகத்தான் வந்தது. கிழித்துவிட்டேன்.

இரு. இரண்டு குளிர்காலமும் இரு. சொல்லிவிட்டு இருக்கிறாய், அது போதும். அந்த வியாழக்கிழமை வண்டியில் ஒரு ஆளுக்கு இடம் இருக்குமா என்று கேட்டுச் சொல். மார்ச்சில் நான்கு நாள் லீவு பாக்கி இருக்கிறது. அந்த வெள்ளைப் பெட்டியை நான் ஊதிப் பார்க்க வேண்டும். பாதரசம் சம்மதிக்க மாட்டார், ஆனாலும் நம்பத் தகுந்தவன் என்று எழுதிவிட்டாரே, பார்க்கலாம்.

தையல்காரம்மா கடிதத்தில் தன் பெயரைப் போடச் சொல்லி நச்சரிக்கிறார். "மெத்தைன்னு சொன்னது நான்தான்னு எழுதுனீங்களா?" எழுதினேன் என்றேன்.

இன்று காலை மைனஸ் எட்டு. காற்று இல்லை. வெயில். கரி வழக்கம்போல நான்கு நிமிடம் வந்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மார்பில் புது முடி வளர்ந்துகொண்டிருக்கிறது, குட்டைக் குட்டையாக. நான் கதவுப் பலகையை இறக்கிவிட்டு வைக்கோல் மாற்றிக்கொண்டிருந்தேன். பெட்டி விளிம்பில் ஒரு மூக்கு. பிறகு இரண்டு காது, இன்னும் நிமிரப் பழகாதவை. விழுந்தது. எழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பொத், பொத் என்று வரிசையாக. மூன்று கறுப்பு, மூன்று வெள்ளை.

வாசல் ஓரம் ராத்திரி அடித்த பனித்தூள் கொஞ்சம் கிடந்தது. துடைக்கக் கையை நீட்டினேன். அதற்குள் ஒரு கறுப்பு அங்கே போய்விட்டது. மூக்கை வைத்தது. விசுக்கென்று பின்வாங்கியது. மறுபடி வைத்தது. மூக்குச் சூட்டில் பனியில் ஒரு பொட்டுக் குழி விழுந்தது. நான் துடைக்கவில்லை. மற்ற இரண்டு கறுப்பும் வந்து சேர்ந்துகொண்டன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கின. மூன்று மூக்கும் புகைந்தன.

இந்த மூன்றில் ஒன்று. என் சட்டைக்குள் ஒரு மணி பத்து நிமிடம் கிடந்தது. எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றையும் கையில் எடுத்தேன். எடை பார்த்தேன், காது பார்த்தேன், நெஞ்சில் விரலை வைத்துப் பார்த்தேன்.

தெரியவில்லை. மூன்றும் ஒரே மாதிரி சுடுகின்றன.

அண்ணன்